வறிய மண்ணின் வழக்கு

தீமை செய்ய எண்ணியவர் ஒருவரும் இல்லாதபோதும் தீமை நிகழக் கூடுமோ? நிகழ்ந்தால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? அறநெறி பற்றிச் சிந்திப்போர்க்கு இது பழைய வினா. சாவான பாவத்துக்கு மூன்று கூறுகள் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். தனி மனிதனின் மனச்சான்றை அளக்க இந்த அளவுகோல் போதும். ஆனால் இலட்சக்கணக்கானோர் தத்தம் தொழிலை ஒழுங்காகச் செய்து, சட்டத்தை மீறாமல், பிறர்க்குத் தீங்கு நினையாமல் வாழ்ந்ததன் மொத்த விளைவாக ஒரு நாட்டின் புதர்வெளிகளும் சதுப்பு நிலங்களும் மெல்ல மெல்ல மாளுமாயின், அப்பாவத்தை எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் யார் மண்டியிட்டு அறிக்கையிடுவது? காற்றில் கலந்து பரவும் நைட்ரஜன் மாசு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

நைட்ரஜன் தன்னளவில் நஞ்சன்று. நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. நம் தசையிலும் குருதியிலும், தலைமுறைகளை இணைக்கும் மரபணுவிலும் அது உண்டு. எனினும் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் செடிகொடிகள் அதை நேரே உண்ண இயலாது. கடல் நடுவே நாவறண்டு நிற்பவனைப் போல, நைட்ரஜனால் சூழப்பட்டிருந்தும் உயிர்கள் நைட்ரஜனுக்கு ஏங்கின. மின்னல் வெட்டும்போது சிறிதளவு கிடைத்தது. உளுந்து, அவரை, சணப்பு போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உழைப்பால் இன்னும் சிறிது கிடைத்தது. படைப்பின் பந்தியில் இவ்வுணவு அளந்தே பரிமாறப்பட்டது.

அந்த அளவை மாற்றியவர் ஜெர்மானிய வேதியியலாளர் பிரிட்ஸ் ஹேபர். 1909-இல் அவர் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு இணைத்து அம்மோனியாவாக்கும் முறையைச் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913-இல் ஓப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கிற்று. காற்றிலிருந்து அப்பம் செய்யும் கலை என்று அதை அக்காலத்தார் வியந்தனர். அவ்வியப்பு பொய்யன்று, இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இம்முறையால் ஆன உரத்தைச் சார்ந்துள்ளது என அறிஞர்கள் கணிக்கின்றனர். அதே ஹேபர்தான் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவை ஏவுவதை முன்னின்று நடத்தினார். இதைச் சொல்லி உரத்தையே பழிப்பாரும் உளர். அது எளிதான வாதம். போர்க்களத்துத் தீமையை எவரும் அடையாளம் காண்பர். வயலில் தொடங்கிய நன்மை எவ்விடத்தில் திசை மாறிற்று என்று காண்பதே கடினம்.

விடுதலைப் பயண நூலில் வரும் மன்னா நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். வானின்று பொழிந்த அந்த அப்பத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது: ஆளுக்கு ஓர் ஓமேர் அளவு, அன்றன்றைக்குரியது அன்றன்று. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்களின் கலத்தில் அது புழுத்து நாறிற்று. கொடுத்தவர் கடவுள், கொடுக்கப்பட்டது நல்லுணவு. ஆயினும் தேவைக்கு மேல் சேர்ந்தபோது அதே உணவு அழுகல் ஆயிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழியை இதன் சுருக்கமெனக் கொள்ளலாம். ஆனால் பழமொழி உண்பவனுக்கு வரும் கேட்டைப் பற்றியது. நைட்ரஜன் செய்தியிலோ மிகையாகச் சேர்த்தவன் ஓரிடத்தில் இருக்கிறான். அழுகுவது வேறொருவர் வீட்டில்.

எங்ஙனம் என்று காண்போம். சாணமும் மூத்திரமும் கலந்த கழிவிலிருந்தும், வயலில் தூவிய யூரியாவிலிருந்தும் அம்மோனியா ஆவியாகி எழுகிறது. வாகனங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வெளிப்படுகின்றன. இவை காற்றோடு சென்று, மழையோடும் மழையின்றியும் மண்ணில் இறங்குகின்றன. எவரும் உரமிட விரும்பாத இடங்களுக்கு, ஆண்டு முழுதும், வானமே உரமிடுகிறது.

இதன் விளைவை நெதர்லாந்து நாட்டில் தெளிவாகக் காணலாம். தமிழகத்தின் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத அச்சிறு நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். ஒரு கோடியை ஒட்டிய பன்றிகளும், முப்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளும், கோடிக்கணக்கான கோழிகளும் வளர்க்கப்படுகின்றன. அந்நாட்டின் நடுவே வெலுவே என்னும் மணற்பாங்கான பகுதி இருக்கிறது. கோடை முடிவில் அங்குள்ள ‘ஹீத்’ எனப்படும் குறும்புதர்கள் பூத்து நிலமே ஊதா நிறமாகும். இப்புதர்வெளி மனிதக் கை படாத கன்னி நிலம் அன்று. பல நூற்றாண்டுகளாக அங்கிருந்த ஏழைக் குடியானவர்கள் அதில் ஆடு மேய்த்தனர். மேல்மண்ணைப் புல்வேரோடு செதுக்கித் தொழுவத்தில் பரப்பி, ஆட்டுப் புழுக்கையோடு மக்கவைத்துத் தம் வயல்களுக்கு உரமாக்கினர். நம்மூரில் வயலில் கிடை போடுவதை அறிந்தோர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இவ்வாறு எடுத்து எடுத்துப் புதர்வெளி வறண்டது. அந்த வறுமையிலேயே அதன் செல்வம் பிறந்தது. கொழுத்த மண்ணில் போட்டியிட இயலாத சிறு செடிகளும், அவற்றை நம்பிய பூச்சிகளும் பறவைகளும் அங்கே குடியேறின. ஆக, தலைமுறை தலைமுறையாக வயலுக்குச் சோறிட்டது புதர்வெளி. இன்று வயலின் மிச்சம் காற்றேறி வந்து புதர்வெளியின்மேல் விழுகிறது. கைம்மாறு என்று இதைச் சொல்வதற்கில்லை.

வறிய மண் கேடின்றித் தாங்கக்கூடிய நைட்ரஜனுக்கு அறிவியலார் ஓர் எல்லை குறித்துள்ளனர். உயரச் சதுப்பு நிலத்துக்கு அது ஆண்டுக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ வரை. நெதர்லாந்தில் சராசரியாக விழுவதோ ஏறத்தாழ இருபது கிலோ. அவ்வளவு விழும்போது புல் கொழுக்கிறது. ஊதாப் புதரை மூடி வெயிலை மறைக்கிறது. பறந்து செல்லும் ஒருவன் மேலிருந்து பார்த்தால் முன்னினும் பசுமையாகவே தோன்றும். இம்மாசின் வஞ்சனை அது: கருகச் செய்யாமல் செழிக்கச் செய்து கொல்கிறது.

ஈரப் புதர்வெளியிலும் சதுப்பிலும் வாழும் ஒரு செடியைப் பார்ப்போம். நம் சித்த மருத்துவர்கள் அழுகண்ணி என்று அழைக்கும் செடியின் இனத்தைச் சேர்ந்தது அது. மண்ணில் நைட்ரஜன் கிட்டாததால் இலைநுனியில் பசைத்துளி ஏந்திச் சிறு பூச்சிகளைப் பிடித்து அதைக் கொண்டு வாழப் பழகியது. வறுமையையே வாழ்முறையாக ஏற்ற துறவி என அதைச் சொல்லத் தோன்றுகிறது. ஸ்வீடன் நாட்டுச் சதுப்புகளில் இதை ஆராய்ந்தோர் 2012-இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது: நைட்ரஜன் மிகுதியாக விழும் இடங்களில் அச்செடி பூச்சியை நம்புவதைக் குறைத்துக்கொள்கிறது, இலைகளில் பசை குறைகிறது. தன் பழைய நோன்பைக் கைவிட்டுப் பிறரைப் போல் வேரால் உண்ண முயல்கிறது. ஆனால் வேரால் உண்பதில் வல்ல புற்களோடு போட்டியிட அதனால் ஆகுமா?

வெலுவேயின் பட்டாணிக்குருவிகளின் கதை இன்னும் துயரமானது. அம்மோனியா காரத்தன்மை உடையதாயினும் மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. முற்காலத்துக் கந்தகப் புகையும் அதனோடு சேர்ந்து மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து வெளியேற்றிற்று. சுண்ணாம்பு இன்றேல் நத்தைக்கு ஓடு இல்லை. நத்தை ஓட்டைக் கொத்தித் தின்னாவிடில் குருவிக்கு முட்டையோடு உறுதிப்படாது. மெலிந்த ஓட்டுடனும் ஓடே இல்லாமலும் முட்டைகள் இடப்பட்டதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் கூட்டிலேயே கால் முறிந்த குஞ்சுகளையும் அங்கே கண்டனர். மாட்டுத் தொழுவத்துக்கும் குருவிக் குஞ்சின் காலெலும்புக்கும் இடையே இத்தனை படிகள்! எப்படியில் நிற்பவனும் தான் குற்றவாளி என்று அறியமாட்டான்.

‘ஒரு செடிக்கும் குருவிக்கும் இவ்வளவு வாதமா? மனிதர் பசித்திருக்கும் உலகில் இது ஆடம்பரக் கவலையன்றோ?’ என்று வாசகர் சிலர் கேட்கலாம். கேள்வியின் முற்பகுதிக்குத் திருச்சபையின் மரபில் விடை உண்டு. இறைவனின் நன்மையை எந்த ஒரு படைப்பும் தனித்து முழுமையாக வெளிப்படுத்த இயலாது. ஆகவே அவர் பலவகைப் படைப்புகளை உண்டாக்கினார், ஒன்றில் குறைவது மற்றொன்றால் நிறைவுபெறும் என்பது புனித தோமா அக்குவினாரின் கருத்து. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் காளான், பாசி, புழு, பூச்சி ஆகிய கண்ணுக்குப் படாத சிற்றுயிர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மனிதனுக்குப் பயன்படுவதால் மட்டும் அவை மதிப்புப் பெறுவதில்லை என்கிறார். நாம் சமையலில் இடும் கல்பாசி லைக்கன் வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வினத்தில் பல அம்மோனியாவுக்கு மிக நொய்ந்தவை. நெதர்லாந்தின் மரப்பட்டைகளில் அவை மறைந்து, நைட்ரஜனை விரும்பும் மஞ்சள் நிற வகை பரவியதைக் கொண்டே காற்றின் கேட்டை அளந்தனர். நாவும் நீதிமன்றமும் இல்லாத உயிர், தன் மறைவாலேயே சாட்சி சொன்னது.

பசியைப் பற்றிய பிற்பகுதிக்கு விடை வேறு. உலகில் வயல்களில் இடப்படும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவே பயிரில் சேர்கிறது. எஞ்சியது காற்றுக்கும் நீருக்கும் போகிறது. புதர்வெளியில் விழுந்த கிலோக்கள் எந்த ஏழையின் தட்டிலிருந்தும் பிடுங்கப்பட்டவை அல்ல; எவர் தட்டையும் சென்றடையாதவை. பசித்தவரின் பெயரால் வீணடிப்பைக் காப்பது பசித்தவருக்கே இழுக்கு என நாம் கருதுகிறோம்.

எனினும் இங்கே நின்றுவிட்டு உழவர்மேல் பழிசுமத்துவது நீதியாகாது. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படை பிடித்திருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பட்டினியால் மாண்டனர். துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் நாடு அது. போர் முடிந்தபின் வேளாண் அமைச்சரான சிக்கோ மான்ஷோல்ட், இனி ஒருபோதும் பசி வரலாகாது என்னும் உறுதியோடு பெரும்பண்ணை வேளாண்மையை வளர்த்தார்; பின்னர் ஐரோப்பிய அளவிலும் அக்கொள்கைக்கு வித்திட்டார். அரசு ஊக்கியது, வங்கி கடன் தந்தது, உழவர் மகன் தொழுவத்தைப் பெரிதாக்கினான். வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்பதை மான்ஷோல்ட் 1972 அளவில் உணர்ந்து தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் கொள்கை வகுத்தவர் மனம் மாறுவது எளிது. கடன் வாங்கிக் கட்டிய தொழுவம் மாறுமா?

2019 மே 29 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், இயற்கைக் காப்பிடங்களைப் பிற்காலத்தில் சீர்செய்வோம் என்னும் வாக்குறுதியை நம்பி இன்று மாசுபடுத்த இசைவு தருதல் செல்லாது எனத் தீர்த்தது. நாளைய மனந்திரும்புதலைக் காட்டி இன்றைய பாவத்துக்கு அனுமதி பெற முடியாது என்று ஒரு குருவானவர் சொன்னால் நாம் வியக்கமாட்டோம். நீதிபதிகள் சொன்னது நாட்டையே உலுக்கிற்று. ஆயிரக்கணக்கான கட்டுமானத் திட்டங்கள் நின்றன. 2020 மார்ச்சு முதல் நெடுஞ்சாலைகளில் பகல் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2019 அக்டோபரிலேயே உழவர்கள் டிராக்டர்களோடு ஹேக் நகரை நிறைத்தனர். 2022-இல் பண்ணைகளைக் குறைக்கும் திட்டம் வரைபடத்தோடு வெளிவந்தபோது கொந்தளிப்பு பெருகிற்று. 2023 மார்ச்சில் நடந்த மாநிலத் தேர்தலில் உழவர் கட்சியே முதலிடம் பெற்றது. உழவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. 1990-க்குப் பிறகு அவர்கள் சாணக்குழம்பை மேலே தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்தப் பழகி அம்மோனியாவைப் பாதிக்கும் மேலாகக் குறைத்திருந்தனர். விழும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி அந்நாட்டு வேளாண்மையின் பங்கு என்றால், மூன்றில் ஒரு பங்கு எல்லை கடந்து வருவது. ‘எம்மிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?’ என்ற கேள்வியைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பாவத்தின் அமைப்புகள் என்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எடுத்துரைத்த கருத்து இங்கே துணைநிற்கிறது. தனிமனிதரின் தேர்வுகள் சேர்ந்து இறுகி, பின்னர் அவர்களையே நடத்தும் அமைப்பாகிவிடுகின்றன என்பது அதன் சாரம். தென் அமெரிக்காவில் விளைந்த சோயா கப்பலேறி நெதர்லாந்துப் பன்றிக்குத் தீவனமாகிறது. இறைச்சியும் பாற்கட்டியும் அயல்நாட்டுக் கடைகளுக்குப் போகின்றன. கழிவு மட்டும் வெலுவேயில் தங்குகிறது. மலிவு விலையில் வாங்கி உண்டவர், கடன் கொடுத்த வங்கி, ஊக்கிய அமைச்சு, தீவனம் விற்ற வணிகர் அனைவரும் அமைப்பின் உறுப்புகளே. சுமையை மட்டும் தொழுவத்தில் நிற்பவன் தலையில் ஏற்றினால் அது பரிகாரம் ஆகாது; பலியாடு தேடுவதாகும். அமைப்பைச் சுட்டிக்காட்டித் தனிமனிதர் தப்பிக்கவும் அத்திருத்தந்தை இடம் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கடமையில் தவறுதலையும் பாவம் என்று திருப்பலிதோறும் அறிக்கையிடும் நமக்கு இது புதிதன்று. அறிந்தபின் வாளாவிருத்தல், அறியாது செய்ததினின்று வேறானது.

சுமையை ஒருதலையாக ஏற்றினால் என்ன நேரும் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே சான்று உண்டு. 2019 அக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள், 2030-க்குள் நைட்ரஜன் வீணாவதைப் பாதியாக்க முனைவோம் என்று அறிக்கையிட்டன. நல்ல தொடக்கம். ஆனால் 2021-இல் அதே இலங்கையில் அரசு இரசாயன உர இறக்குமதியை ஏறத்தாழ ஒரே வீச்சில் தடைசெய்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதன் பின்னணியில் இருந்தது. மாற்று உரம் ஆயத்தமில்லை. உழவர்க்குப் பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது, தேயிலையும் நலிந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. மிகையைக் குறைப்பதும் தேவையையே மறுப்பதும் ஒன்றல்ல. மன்னாவில் மிகையாக எடுத்தவனுக்கு எஞ்சவில்லை என்பது வரை நாம் நினைவில் வைக்கிறோம். குறைவாக எடுத்தவனுக்குக் குறையவும் இல்லை என்பது அதன் மறுபாதி.

அளவு என்பது உழவருக்குத் தெரியாத செய்தியுமன்று. யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் ஐந்துக்கு நான்குக்கு ஒன்று என்னும் விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மேலுரமாக இடும்படி நம் வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது. நெற்பயிரின் இலை நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் உரமிடும் முறையும் உண்டு. 2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா அனைத்துக்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாயிற்று. ஆயினும் கருகருவென்ற பச்சையே நல்ல பயிரின் அடையாளம் என்னும் எண்ணம் வயலோரத்தில் இன்னும் வலுவாகவே இருக்கிறது. மானிய விலையில் ஒரு மூட்டை கூடுதலாகக் கிடைக்கும்போது கையை அடக்குவது எளிதன்று. கங்கைச் சமவெளியின் மேல் உலகிலேயே மிக அடர்ந்த அம்மோனியாப் படலங்களுள் ஒன்று பரந்திருப்பதைச் செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன. நெதர்லாந்தைச் சுட்டும் விரல் அந்நாட்டோடு நிற்பதில்லை.

ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும்படி இஸ்ரயேலருக்குக் கட்டளை இருந்தது. அதில் தானாய் விளைவதை ஏழைகள் உண்ண வேண்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ண வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் காரணம் கூறுகிறது. ஏழைக்கும் விலங்குக்கும் ஒரே வாக்கியத்தில் பங்கு! இவ்விருவருள் ஒருவரைக் காக்க மற்றவரைக் கைவிட வேண்டும் என்று நம் காலத்தில் வாதிடுவோர், இருபுறத்திலும் இருப்போர், அவ்வாக்கியத்தை மீண்டும் படிப்பது நன்று. அங்கே விட்டுக்கொடுக்கச் சொல்லப்பட்டவன் நிலம் உடையவன். அவனும் ஒருவனாக அல்ல, ஊரோடு சேர்ந்து.

நெதர்லாந்தில் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. உழவர்க்கு ஈடு தரவும் இயற்கையை மீட்கவும் ஒதுக்க எண்ணிய பெருநிதியை 2024-இல் வந்த புதிய அரசு கைவிட்டது. 2025 சனவரி 22 அன்று ஹேக் நீதிமன்றம், நொய்ந்த காப்பிடப் பரப்பில் பாதியையேனும் 2030-க்குள் தாங்கும் எல்லைக்குள் கொண்டுவர வேண்டும் என்றும், மிக நலிந்தவற்றை முதலில் கவனிக்க வேண்டும் என்றும் அரசுக்கு ஆணையிட்டது. இதற்கிடையே அந்நாட்டின் சில காடுகளிலும் புதர்வெளிகளிலும் பாறையை அரைத்த தூளைத் தூவிப் பார்க்கின்றனர். அதிலுள்ள சுண்ணாம்பும் பிற தாதுக்களும் மெதுவாகக் கரைந்து மண்ணுக்குத் திரும்பும், நத்தைகளும் திரும்பக்கூடும். அதற்குப் பல்லாண்டுகள் பிடிக்கும் என்றும், மேலிருந்து விழுவது குறையாமல் தூள் மட்டும் போதாது என்றும் ஆய்வாளரே ஒப்புக்கொள்கின்றனர்.